தேனீக்களுக்குத் துக்கம் கேட்க வராதீர்கள்

மன்ஃபலூத் அருகே, அக்டோபர் 9

டாக்டர் ஷாஹிந்தா அவர்களுக்கு,

விடுதி அறையில் மூன்று வருடம் உங்களை அக்கா என்றுதான் அழைத்தேன். இனி டாக்டர்.

தொலைபேசியில் அழைக்காதீர்கள். எடுத்தாலும் எனக்குப் பேச்சு வராது, நீங்கள் இரண்டு வார்த்தையில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. கார்காவுக்கு வேன் ஓட்டும் மன்சூரிடம் கொடுத்தனுப்புகிறேன். "பாலைவனம் தாண்டி காதல் கடிதமா?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

எங்கள் கூரையில், மண்குழாய்க் கூடுகளில் வளர்த்த தேனீக்கள் செத்துவிட்டன. செங்குளவிகள் வழக்கம்போல இலையுதிர் காலத்தில் வந்தன. எங்கள் பழைய தேனீ சின்னது, வயிற்றில் செம்பு மினுங்கும். குளவியின் வாடை பட்டதும் மண்குழாயின் வாசலைத் தன் உடம்பாலேயே அடைத்துக்கொண்டு உள்ளே ஒடுங்கிவிடும். இந்த வருடம் குழாய்களில் இருந்தவை பருத்த சாம்பல் நிறத் தேனீக்கள். ஒவ்வொன்றாக வெளியே பறந்து போய்ச் சண்டை போட்டன. ஒவ்வொன்றாக விழுந்தன. அப்பா பேரீச்சை மட்டையை வைத்துக்கொண்டு காலை முதல் மாலை வரை குளவிகளை அடித்தார். கை வீங்கி, ரொட்டியைப் பிட்க முடியவில்லை.

அந்தச் சாம்பல் நிறம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் வசந்த விழாவன்று எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். உப்புமீனும் வெங்காயமும் தின்றீர்கள். உங்கள் ஆய்வுக்கு என்று பன்னிரண்டு மண்குழாய்களை அப்பா லாரியில் ஏற்றிவிட்டார். அடுத்த மாதமே நன்றிப் பரிசு என்று இருபது மரப்பெட்டி நிறைய வெளிநாட்டுத் தேனீ அனுப்பினீர்கள். விருந்தாளியின் பரிசைக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒதுக்கி வைப்பது அப்பாவுக்கு மரியாதைக் குறைவு. கூரையிலேயே, பழைய குழாய்களுக்குப் பக்கத்திலேயே வைத்தார். எங்கள் இளம் ராணிகள் அந்தப் பெட்டிகளின் ஆண் தேனீக்களோடு பறந்து இணைந்தன. இரண்டு வசந்தத்தில் இனமே கலந்துவிட்டது.

அப்பாவுக்கு இது தெரியாது. தேனீ மரபியலில் பட்டம் வாங்கிய உங்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊர் வழக்கத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். கொன்றவன் தன் பிணத்துக்குப் போர்த்தவேண்டிய கஃபன் துணியை இரண்டு முழங்கையிலும் ஏந்தி, வெறுங்காலோடு, ஊர் பார்க்கச் செத்தவன் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்டு நடந்து வருவான். அன்று நீங்கள் படம் எடுக்கக் கேட்டீர்கள், நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அதேபோல வாருங்கள். துணி வேண்டாம். எங்களிடமிருந்து கொண்டுபோன மண்குழாய் ஒன்றை ஏந்தி வாருங்கள்.

கவ்ஸர்

*

கார்கா, அக்டோபர் 20

அன்புக் கவ்ஸர்,

மன்சூர் கடிதத்தை நீட்டும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஏதோ தலாக் பத்திரம் கொண்டு வந்தவன் போல நின்றான்.

அப்பாவின் நஷ்டம் எனக்கு வருத்தமே. ஆனால் நீ அறிவியல் படித்தவள், கொஞ்சம் அறிவியலாக யோசி. அந்தப் பெட்டிகளை ஊருக்கு வெளியே வைக்கும்படி சொல்லியிருக்க வேண்டும் என்கிறாயா? சரி, சொல்லவில்லை. நாற்பது வருடமாகத் தேனீ வளர்ப்பவருக்கு நான் சொல்ல வேண்டுமா என்று நினைத்தேன். உங்கள் வருமானம் கூடட்டும் என்றுதான் கொடுத்தேன். நைல் நதி நெடுக, கடல் வரை, எல்லாக் கிராமத்திலும் அந்தச் சாம்பல் தேனீதான். உங்கள் கூரைக்கு என்றைக்காவது வந்தே தீர்ந்திருக்கும். நான் பன்னிரண்டு குழாய்களை இங்கே, சுற்றிலும் பாலைவனமான, வேறு தேனீயே இல்லாத சோலைக்குக் கொண்டு வராவிட்டால் இன்று ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. இதற்கு நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொன்று. வசந்தம்தோறும் கிழ ராணிகளை நசுக்கிவிட்டு இளசுகளை வையுங்கள், கூட்டம் வலுவாக இருக்கும் என்று உன் அப்பாவிடம் அன்றே சொன்னேன். "ஏம்மா, வயசானா கொன்னுடணுமா? அப்ப என்னை எப்ப நசுக்கப் போற?" என்று சிரித்தார். பலவீனமான கூட்டத்தைக் குளவி தின்னாமல் என்ன செய்யும்?

கஃபன் ஏந்துவதெல்லாம் கொலைக்கு, கண்ணே. பூச்சிக்கு அல்ல. நான் கெய்ரோக்காரி. எனக்குச் செருப்பில்லாமல் நடக்கத் தெரியாது.

உன் ஷாஹிந்தா

*

மன்ஃபலூத் அருகே, நவம்பர் 15

டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் கட்டுரையைப் படித்தேன். பல்கலைக்கழக நூலகத்தில் அச்சிட்டு எடுத்து, வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். "நைல் பள்ளத்தாக்கில் தூய எகிப்தியத் தேனீ இன்று இல்லை. எஞ்சியிருப்பது எம் நிலையத்தில் மட்டுமே." அந்தப் பன்னிரண்டு குழாய்கள் எங்கிருந்து கிடைத்தன என்ற இடத்தில், "உள்ளூர்வாசி ஒருவரிடமிருந்து."

என் அப்பாவின் பெயர் பகீத் அப்துல் மவ்லா. உங்களுக்கு உப்புமீனில் முள் எடுத்துக் கொடுத்தவர்.

நீங்கள் பெட்டி அனுப்பியது அறியாமையா, திட்டமா என்று ஒரு மாதமாக யோசித்தேன். கட்டுரையைப் படித்த பிறகு யோசிக்கவில்லை. பள்ளத்தாக்கில் இல்லாமல் போனால்தானே உங்களிடம் மட்டும் இருக்கும்?

வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா உம் ஷஃபீக் கசப்புக் காபி போட்டு எடுத்து வந்தார், துக்க வீட்டுக்குக் கொண்டு வருவது போல. பாதி கேலி, பாதி நிஜம். "குடிங்க பகீத் அண்ணே. போனது போச்சு. அல்லாஹ் உங்களுக்கு ஆயுசைக் கொடுக்கட்டும்."

அப்பா கோப்பையைத் தொடவில்லை. "துக்கம் கேக்க வராதீங்க. இன்னும் துக்கம் தொடங்கல."

"யா அல்லாஹ்! தேனீக்குமா பழி வாங்குவாங்க? யாரைப் போய் சுடுவீங்க, குளவியையா?"

கூரைக்குக் கீழே நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பழி தீரும்வரை காபி குடிக்க மாட்டார்கள், ஆறுதல் வார்த்தை ஏற்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் இந்த வழக்கத்தைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அன்று அந்தக் கோப்பையை நான்தான் திருப்பி எடுத்துப் போனேன். ஆறிப்போயிருந்தது. வாசலில் கொட்டினேன்.

நினைவிருக்கிறதா? லக்ஸருக்குச் சுற்றுலா போனபோது ஒரு கல்லறைச் சுவரில், அடுக்கிய குழாய்களுக்கு முன்னால் ஒருவன் மண்டியிட்டுக் கையை உயர்த்தியிருந்தான். "ஏய் கவ்ஸர், உங்க அப்பா படத்தை இங்க யாரு வரைஞ்சது?" என்று கத்தினீர்கள். வழிகாட்டிகூடத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. அரசர்கள் தங்கள் பெயருக்கு முன்னால் தேனீயைச் செதுக்கிக்கொண்ட நாளிலிருந்து எங்கள் ஊரில் இருந்த உயிர் அது. அதற்கு நீங்கள் வைத்த பெயர் "எம் நிலையம்".

பழி வாங்குகிறவன் பின்னாலிருந்து அடிக்கக் கூடாது, சொல்லிவிட்டு வர வேண்டும் என்பதும் எங்கள் வழக்கம். சொல்லிவிட்டேன்.

கவ்ஸர் பகீத் அப்துல் மவ்லா

*

கார்கா, ஜனவரி 28

கவ்ஸர்,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதியிருந்தால் கோபத்தில் எழுதியிருப்பேன். அதனால் காத்திருந்தேன்.

கட்டுரையில் பெயர் விட்டுப்போனது சரியல்ல. அடுத்ததில் பார்க்கலாம். ஆனால் திட்டமிட்டு உங்கள் கூட்டங்களைக் கொன்றேன் என்று நீ நம்புவதை என்னால் தாங்க முடியவில்லை. நான் சோம்பேறி, அவசரக்காரி, பெயருக்கு ஆசைப்படுகிறவள். இதெல்லாம் நீயே என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம், நீ எதையும் நேரே சொல்ல மாட்டாய். ஆனால் கொலைகாரி அல்ல.

ஏப்ரல் கடைசியில் வெளியிலிருந்து ஒரு குழு வருகிறது. இந்த நிலையத்தைத் தூய இனக் காப்பகமாக அங்கீகரிப்பார்கள். எல்லாக் கூட்டத்திலும் இளம் ராணிகள் இருக்க வேண்டும், எல்லாம் துடிப்பாகத் தெரிய வேண்டும். மார்ச்சில் புது ராணிகளைப் பறக்க விடுவேன். இங்கே உனக்கு ஒரு வேலை இருக்கிறது. உதவி ஆய்வாளர். வா.

நீ ஏதோ செய்யப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். நீ செய்ய மாட்டாய். தேநீரில் விழுந்த தேனீயை விரல் நுனியில் எடுத்து, ஜன்னல் வெயிலில் உலர்த்தி, அது பறக்கும்வரை வகுப்புக்கு வராமல் நின்றவள் நீ.

ஷாஹிந்தா

*

மன்ஃபலூத் அருகே, மார்ச் 30

டாக்டர் அவர்களுக்கு,

வேலைக்கு நன்றி. வேண்டாம்.

உங்கள் நிலையத்துக்கு மேற்கே, ஈச்சந்தோப்பைத் தாண்டி, குதிரைமசால் வயல்கள் பூத்திருக்கின்றன அல்லவா? என் பெரியப்பா மகன் ஹம்தான் லாரியில் தேன்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பூப்பின் பின்னால் ஊர் ஊராகப் போகிறவன். "கார்கா பக்கம் நல்லாப் பூத்திருக்கு, அங்க போட்டியே கிடையாது" என்றேன். "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று போயிருக்கிறான். போன வாரத்திலிருந்து அவனுடைய நாற்பது பெட்டிகள் அங்கே இருக்கின்றன. எல்லாம் சாம்பல் நிறம். ஒவ்வொரு பெட்டியிலும் ஆண் தேனீக்கள் நிறையப் பிறக்கும்படி தேனடைகளை நானே பார்த்து வைத்தேன்.

அவன் உங்களுக்கு ஒரு குப்பி தேன் தருவான். விருந்தாளியின் பரிசு. மறுக்காதீர்கள்.

கவ்ஸர்

*

கார்கா, மே 6

கவ்ஸர்,

வெற்றி உனக்குத்தான். குழு வந்தது, போனது. வந்தவர்களில் ஒரு பெண் பெட்டியைத் திறந்து ஒரே நிமிடம் பார்த்தாள். இளம் தேனீக்கள் பருமனாய், சாம்பலாய் நடந்துகொண்டிருந்தன. மூடிவிட்டு, "தேநீர் கிடைக்குமா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். மூன்று வருட உழைப்பு.

உன் கடிதம் வந்த அன்றே மேற்கு வயலுக்கு ஓடினேன். புது ராணிகள் பறந்து முடித்து, முட்டையிடத் தொடங்கியிருந்தன. ஹம்தான் கட்டிலைப் போட்டு உட்கார்ந்திருந்தான். "வாங்க டாக்டரம்மா, தேன் சாப்பிடுங்க" என்றான். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. முகத்தைப் பார்த்தால் கத்த முடியவில்லை. நீ ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறாய்.

என்னை அழித்திருந்தால் பரவாயில்லை. நீ அழித்தது என்ன என்று தெரிகிறதா? குழுவுக்காகக் கிழ ராணிகள் அத்தனையையும் மார்ச்சிலேயே என் கட்டைவிரலால் நசுக்கினேன். இப்போது இருப்பவை அவற்றின் மகள்கள். அவை தூயவைதான், ஆனால் உன் சாம்பல் ஆண்களோடு பறந்தவை. ராணி ஒரே ஒரு பருவத்தில்தான் பறக்கும், அப்போது சேர்த்துக்கொண்ட விந்தணுவை வைத்துத்தான் ஆயுள் முழுக்க முட்டையிடும். இனி அவற்றுக்குப் பிறக்கும் மகள் எல்லாம் கலப்பு. மகன்கள் மட்டும் தப்பினார்கள். நமக்கு முதலாம் ஆண்டில் சொல்லிக்கொடுத்தது: தேனீயில் ஆணுக்குத் தந்தை கிடையாது, தாய் மட்டுமே. என் பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் தூய ஆண்கள் பறக்கிறார்கள். அவர்கள் சேர ஒரு தூய இளம் ராணிகூட இந்தப் பூமியில் இல்லை. இந்தக் கோடையோடு அவர்களும் முடிந்தார்கள்.

உன் பழி ஐயாயிரம் வருடத்தைத் தின்றுவிட்டது. தூங்குகிறாயா?

ஷாஹிந்தா

*

மன்ஃபலூத் அருகே, மே 14

டாக்டர் அவர்களுக்கு,

தூங்குகிறேன்.

வசந்த விழாவன்று கூரையில் அப்பா ஒரு ராணியை உள்ளங்கையில் எடுத்துக் காட்டினார். உங்கள் பையில் சிவப்பு நகப்பூச்சு இருந்தது. அதன் முதுகில் ஒரு பொட்டு வைத்தீர்கள். "கல்யாணப் பொண்ணுக்கு மருதாணி" என்று அப்பா குலவை போட முயன்று, குரல் எழாமல் இருமினார். பன்னிரண்டு குழாய்களை ஏற்றும்போது, "பொட்டு வச்சவ மட்டும் வீட்ல இருக்கட்டும்" என்று ஒதுக்கிவைத்தார்.

நவம்பரில், உங்கள் கட்டுரையைப் படித்த வாரம், செத்த குழாய்களை உடைக்கக் கூரைக்கு ஏறினேன். ஒரு குழாயில் மட்டும் சத்தம் இருந்தது. வாசலைச் சின்னத் தேனீக்கள் உடம்பால் அடைத்திருந்தன. புகைபோட்டுத் திறந்தேன். சிவப்புப் பொட்டு பாதி உதிர்ந்திருந்தது.

நீங்கள் பொட்டு வைத்த நாள் உங்கள் பெட்டிகள் வருவதற்கு முந்தைய மாதம். அவள் பறந்தது அதற்கும் முன்னால். அவள் மகள்கள் எல்லாம் தூயவை. அப்பா கிழ ராணியை நசுக்க மறுத்தது எதற்கு உதவியது என்று இப்போது தெரிகிறதா?

கையில் விதை இல்லாமல் வயலுக்குத் தீ வைப்பேன் என்றா நினைத்தீர்கள்? நீங்கள் மார்ச்சில் கிழ ராணிகளை நசுக்குவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காகக் காத்திருந்தேன். ஹம்தானிடம் அதற்குப் பிறகுதான் பூப்பைப் பற்றிச் சொன்னேன். ஒரே தாயின் பிள்ளைகளை வைத்து வம்சம் நிற்காது என்பதும் எனக்குத் தெரியும். நானும் அந்த வகுப்பில் பின் வரிசையில் இருந்தேன். உங்கள் ஆண்கள் எனக்கு வேண்டும். என் பெண்கள் உங்களுக்கு வேண்டும். எங்கள் ஊர் வானம் முழுக்கச் சாம்பல், இங்கே பறக்கவிட முடியாது. உங்கள் மணலில்தான் பறக்க வேண்டும்.

அவளுக்கு வயதாகிவிட்டது. நடக்கும்போது ஒரு கால் இழுக்கிறது. இந்தக் கோடையைத் தாண்ட மாட்டாள். இப்போது குழாய்க்குள் தேனீக்கள் புது ராணிகள் வளரும் அறைகளைக் கட்டுகின்றன, வேர்க்கடலைக் கொத்துப் போல. இருபதாம் தேதிக்கு மேல் அவற்றை எடுக்கலாம்.

ஹம்தானைத் திரும்பக் கூப்பிட்டுவிட்டேன். "பூப்பு முடியலையே!" என்று திட்டுகிறான்.

எப்படி வர வேண்டும் என்று அக்டோபரிலேயே எழுதிவிட்டேன். இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். "உள்ளூர்வாசி ஒருவர்" என்ற இடத்தில் பெயர் வர வேண்டும். வராவிட்டால் ராணி அறைகளை நானே வெயிலில் போடுவேன். நான் செய்ய மாட்டேன் என்று இந்த முறை எழுதாதீர்கள்.

கவ்ஸர்

*

கார்கா, மே 19

கவ்ஸர்,

அந்த நகப்பூச்சு பாரிஸிலிருந்து என் சித்தி வாங்கி வந்தது. அன்று ஒரு பூச்சிக்கு வீணாக்கினேன் என்று வருந்தினேன்.

நீ இவ்வளவு பயங்கரமானவள் என்று எனக்குத் தெரிந்திருந்தால் விடுதியில் மேல் கட்டிலை உனக்கே விட்டிருப்பேன்.

வியாழக்கிழமை வருகிறேன். திருத்தம் பத்திரிகைக்கு அனுப்பியாகிவிட்டது. உன் அப்பாவின் பெயரை மூன்று முறை எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தேன். வெறுங்காலோடு நடப்பேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் கவனமில்லாமல் கொடுத்தேன், கெடுக்கக் கொடுக்கவில்லை. அதை உன் ஊர் நம்பாவிட்டாலும், குழாயை ஏந்திக்கொண்டே அதைத்தான் சொல்வேன்.

ஒரு கேள்வி. குழாயின் இரண்டு வாயையும் மூடிக்கொண்டு வரலாமா, அல்லது அதற்கும் வழக்கம் இருக்கிறதா?

ஷாஹிந்தா

*

மன்ஃபலூத் அருகே, ஜூன் 2

ஷாஹிந்தா அவர்களுக்கு,

நீங்கள் போன பிறகு ஊரே பேசிக்கொண்டிருக்கிறது. நீங்கள் இருக்கும்போது நான் வாய் திறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கால்வாய்ப் பாலத்தில் வேன் நின்றபோது நான் கூரையில் இருந்தேன். குழாயைக் கைகளில் வாங்கும்போது உங்கள் முழங்கை தாழ்ந்ததைப் பார்த்தேன். அடை நிறைந்த மண்குழாய் அவ்வளவு கனம் என்று மறந்திருப்பீர்கள். மன்சூர், "டாக்டரம்மா, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்" என்றான். "தொடாதடா" என்றீர்கள். பாதி வழியில் முன்வாயின் களிமண் உதிர்ந்தது. தேனீக்கள் வெளியே வந்து உங்கள் கையிலும் கழுத்திலும் கொட்டின. தெருவில் நின்றவர்கள் விலகி ஓடினார்கள். "கீழ வச்சிருங்கம்மா, வச்சிருங்க!" என்று உம் ஷஃபீக்தான் முதலில் கத்தினார், கேலி செய்த அதே ஆள். நீங்கள் வைக்கவில்லை. வெயிலில் கொதிக்கும் மண்ணில் பாதத்தை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வந்தீர்கள். ஒருமுறை நின்றீர்கள். கீழே போடப் போகிறீர்கள் என்று நினைத்தேன். போட்டுவிட வேண்டும் என்று நான் விரும்பினேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

வாசலில் அப்பா குழாயை வாங்கவில்லை, உங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். "கெடுக்கணும்னு கொடுக்கல" என்றீர்கள். உதடு வீங்கிப் பேச்சு குழறியது.

"நம்புறேன்" என்றார் அப்பா. "அதனால என்ன? செத்தது செத்ததுதான்." பிறகு குழாயை வாங்கி, அதன் வாயில் காதை வைத்துக் கேட்டார். "ஏம்மா, என் பசங்களை நல்லாத்தான் வளர்த்திருக்க." பிறகுதான் உங்கள் கையிலிருந்த கொடுக்குகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டி எடுத்தார்.

ராணி அறைகளை நீங்கள் துணியில் பொதிந்து, மார்பில் கட்டிக்கொண்டு ஏறியதை மன்சூர் எல்லோரிடமும் நடித்துக் காட்டுகிறான். வேனை மாட்டுவண்டி போல ஓட்ட வைத்தீர்களாம்.

நீங்கள் போன அன்று மாலை உம் ஷஃபீக் மறுபடி காபி போட்டு வந்தார். இந்த முறை கேலி இல்லை. அக்கம்பக்கத்தார் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். அப்பா குடித்தார், அடிவண்டல்வரை. பிறகு அழுதார். எட்டு மாதத்தில் முதல் முறை.

எனக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள். கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குடிக்கவில்லை. அப்பா உங்களை நம்புகிறார். நான் பாதிதான் நம்புகிறேன்.

சிவப்புப் பொட்டுக்காரி நேற்று இறந்துவிட்டாள். மற்றத் தேனீக்கள் குழாய் வாசலில் இழுத்துப் போட்டிருந்தன.

பாலத்தில் நீங்கள் கழற்றிவைத்த செருப்பை மறந்து போய்விட்டீர்கள். ஒரு பயல் போட்டுக்கொண்டு ஆடினான், பிடுங்கி வந்தேன். கூரையில், காலிக் குழாய்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மன்சூர் கேட்டான், கொடுக்கவில்லை. என் பெண்கள் உங்கள் மணலில் பறந்து, சின்னதாய், செம்பு மினுங்கும் மகள்களைப் பெற்றால், அதில் ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அன்று காபியை நான் போடுகிறேன். இரண்டு கோப்பை.

மகள்கள் சாம்பலாகப் பிறந்தால் வராதீர்கள். செருப்பு இங்கேயே இருக்கும்.

கவ்ஸர்